எலியின் காது

1

1938 டிசம்பரில் அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் அறிவியல் முன்னேற்றத்துக்கான அமெரிக்கச் சங்கம் கூடியது. அந்தக் கூட்டத்தின் பரிசான ஆயிரம் டாலர், மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் நார்மன் மையர் என்ற உளவியலாளருக்குப் போனது. எதுக்குப் பரிசு? எலிகளுக்கு மனநோய் வரவைத்ததற்கு.

சோதனை இதுதான். ஒரு சின்ன மேடையில் எலியை நிறுத்துவார்கள். எதிரே இரண்டு அட்டைகள் இருக்கும். சரியான அட்டையை நோக்கிக் குதித்தால் அது விழுந்து வழி விடும், பின்னால் சாப்பாடு கிடைக்கும். தவறான அட்டை அசையாது. எலி மூக்கில் அடிபட்டு, கீழே கட்டியிருக்கும் வலையில் விழும். கொஞ்ச நாளில் எலி கற்றுக்கொண்டுவிடும். பிறகுதான் மையர் ஆட்டத்தை மாற்றினார். எது சரி, எது தப்பு என்பதற்கு ஒரு விதியும் இல்லாமல் செய்தார். எலி குதிக்க மறுத்தது. அதைக் குதிக்க வைக்க, பின்னாலிருந்து குழாய் வழியாகக் காற்றைப் பீய்ச்சி அடித்தார்கள்.

அப்போது சில எலிகள் மேடையிலிருந்து பாய்ந்து, தலைதெறிக்க வட்டமடித்து ஓடின. பிறகு கைகால் இழுத்து விழுந்தன. கடைசியில் பொம்மை மாதிரி அசையாமல் கிடந்தன. தீர்க்க முடியாத சிக்கலில் மாட்டிய மனம் உடைந்துபோகிறது, எலிக்கே இப்படின்னா மனுஷனுக்கு எப்படி இருக்கும் என்று எல்லாரும் பேசினார்கள். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய வருடம் அது. அந்த உருவகம் மக்களுக்குப் பிடித்திருந்ததில் ஆச்சரியமில்லை.

அடுத்த ஆண்டே கிளிஃபோர்டு மோர்கனும் ஜேன் மோர்கனும் ஒரு எளிய கேள்வியைக் கேட்டார்கள். மேடை, அட்டை, சிக்கல் எதுவும் வேண்டாம். அந்தக் காற்றுக் குழாயின் சத்தத்தை மட்டும் எலிக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? அதே ஓட்டம், அதே இழுப்பு. அந்த எலிகள் எந்தச் சிக்கலையும் சந்தித்ததே இல்லை. குழாயின் 'உஸ்' சத்தத்தில் நம் காதுக்கு எட்டாத உச்ச ஒலிகளும் கலந்திருந்தன, எலிக்கு அவை நன்றாகவே கேட்கும். சாவிக்கொத்தைக் குலுக்கினால்கூடச் சில எலிகள் வலிப்பில் விழும் என்பது பிறகு ஆய்வகங்களில் சாதாரணமாகத் தெரிந்த விஷயமாகிவிட்டது.

மையர் உடனே விட்டுக்கொடுக்கவில்லை. வாதம் பல ஆண்டுகள் ஓடியது. ஆனால் நடந்தது ஒலியால் தூண்டப்பட்ட வலிப்பு என்பதே நிலைத்தது. எலியின் மனதைப் பற்றிப் பேசிய எல்லாரும் அதன் காதை மறந்துவிட்டார்கள். எலி ஆய்வுகளின் வரலாற்றில் இப்படிக் காது மறக்கப்பட்டது இதோடு முடியவில்லை. கடைசி முறை அதன் விலை பச்சிளங்குழந்தைகள் மேல் விழுந்ததோ என்ற சந்தேகம் இன்னும் தீரவில்லை.

2

1967-ல் கென்னத் ஹென்றி ஒரு விநோதத்தைப் பதிவு செய்தார். ஒலிக்கு அசராத ஒரு சுண்டெலி இனம் இருந்தது. எவ்வளவு சத்தம் போட்டாலும் அதற்கு வலிப்பு வராது. அதன் குட்டிகளுக்கு 16 நாள் வயதில் ஒருமுறை பலத்த மணிச்சத்தத்தைக் கேட்க வைத்தார். அப்போது ஒன்றும் ஆகவில்லை. சில நாள் கழித்து அதே குட்டிகளுக்கு மறுபடி சத்தம் கொடுத்தபோது வலிப்பு வந்தது.

முதல் சத்தம் மூளையைக் 'கெடுத்துவிட்டது' என்று நினைக்கத் தோன்றும். அடுத்த சில வருடங்களில் கிடைத்த விளக்கம் வேறு. முதல் சத்தம் குட்டியின் காதைப் பாதித்திருந்தது. காதிலிருந்து மூளைக்கு வரும் ஒலி குறைந்துபோனது. வளரும் மூளை அதை ஈடுகட்ட, உள்ளே 'வால்யூமை' ஏற்றிவைத்துக்கொண்டது. அப்படி ஏற்றிய நிலையில் மறுபடி பலத்த ஒலி வந்தபோது சுற்று எரிந்தது. சத்தமே கொடுக்காமல், வெறுமனே குட்டியின் காதை அடைத்துவைத்தாலும் இதே விளைவைக் கொண்டுவர முடிந்தது.

சின்ன வயதுக் காதுகேளாமை காதோடு நிற்பதில்லை, மூளை தன்னை எப்படிக் கட்டிக்கொள்கிறது என்பதையே மாற்றிவிடுகிறது. இன்று காதுகேளாத குழந்தைகளைச் சீக்கிரமே கண்டுபிடிக்க வேண்டும் என்று மருத்துவர்கள் அடித்துச் சொல்வதற்கும் இதே எண்ணம்தான் அடிப்படை.

இன்னொரு கதையும் உண்டு. 1950-களிலிருந்தே ஃப்ரிங்ஸ் என்ற ஒரு சுண்டெலி வகையை, சத்தம் கேட்டால் வலிப்பு வருகிறது என்பதற்காகவே வளர்த்துவந்தார்கள். வலிப்பு மருந்துகளைச் சோதிக்க அது வசதியாக இருந்தது. 2001-ல் அதன் வலிப்புக்குக் காரணமான மரபணுவைப் பிடித்துவிட்டோம் என்று அறிவித்தார்கள். 'வலிப்பு மரபணு' என்று பெயரும் கிடைத்தது. 2004-ல் அதே மரபணுவின் மனித வடிவத்தை இன்னொரு குழு வேறொரு இடத்தில் சந்தித்தது. உஷர் நோய்க்குறி உள்ள சில குடும்பங்களில் அது பழுதாகியிருந்தது. உஷர் என்பது காதும் பார்வையும் சேர்ந்து குறையும் நோய். வலிப்பைத் தேடிப்போனவர்கள் கையில் கிடைத்தது காதின் மரபணு.

3

இப்போது பிரசவ அறைக்கு வருவோம்.

பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் ஐந்து வரை முதல் சில நாட்களில் வலிப்பு வருகிறது. பெரும்பாலும் காரணம், பிரசவத்தின்போது மூளைக்கு ஆக்சிஜன் போதாமல் போவது. பெரியவர்களின் வலிப்பு போல இது கண்ணுக்குத் தெரிவதில்லை. சப்புக்கொட்டுவது, மிதிவண்டி மிதிப்பதுபோலக் கால் அசைவது, சில நொடி மூச்சு நிற்பது என்று வரும். பல சமயம் வெளியே ஒன்றுமே தெரியாது, தலையில் ஒட்டிய மின்கம்பிகள் மட்டும் காட்டிக்கொடுக்கும்.

இதற்குத் தருகிற முதல் மருந்து ஃபீனோபார்பிட்டால். 'கார்டினால்' என்று சொன்னால் நம் ஊரில் பலருக்குத் தெரியும். 1912-ல் ஆல்ஃபிரட் ஹாப்ட்மன் என்ற ஜெர்மானிய மருத்துவர், தூங்கவைக்கக் கொடுத்த மருந்து வலிப்பையும் குறைப்பதைக் கவனித்தார். அதிலிருந்து அது ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் பச்சிளங்குழந்தையிடம் அதன் பேச்சு சரியாக எடுபடுவதில்லை. 1999-ல் வந்த ஒரு ஆய்வில் 59 குழந்தைகளை எடுத்துப் பார்த்தார்கள். ஃபீனோபார்பிட்டால் 43 சதவீதம் பேருக்குத்தான் வலிப்பை நிறுத்தியது. போட்டி மருந்தான ஃபெனிட்டாய்ன் 45 சதவீதம்.

ஏன் பாதிப் பேருக்குக்கூட வேலை செய்யவில்லை? பதில் பத்து வருடம் முன்பே ஒரு எலிக்குட்டியின் மூளையில் கிடைத்திருந்தது.

பாரிஸில் போர்-ராயல் மகப்பேறு மருத்துவமனை வளாகத்தில் ஒரு நரம்பியல் ஆய்வகம் இருந்தது. அங்கே யெஹெஸ்கேல் பென்-ஆரியும் குழுவினரும் பிறந்து சில நாளே ஆன எலிக்குட்டிகளின் மூளைத் துண்டுகளில் மின் அளவீடு செய்தார்கள். 1989-ல் அவர்கள் வெளியிட்ட முடிவு பாடப்புத்தகத்துக்கு எதிராக இருந்தது. காபா என்ற வேதிப்பொருள் மூளையின் பிரேக். நரம்பணுக்களை அமைதிப்படுத்துவது அதன் வேலை. ஆனால் குட்டி எலியின் மூளையில் அதே காபா நரம்பணுக்களைத் தூண்டியது. பிரேக்கை மிதித்தால் வண்டி வேகமெடுக்கிறது!

காரணம் உப்பு. காபா செய்வதெல்லாம் நரம்பணுவில் குளோரைடுக்கு ஒரு கதவைத் திறப்பது மட்டுமே. வளர்ந்த அணுவுக்குள் குளோரைடு குறைவு, அதனால் கதவு திறந்ததும் வெளியிலிருந்து உள்ளே வருகிறது, அணு அடங்குகிறது. பிஞ்சு அணுவுக்குள் குளோரைடு ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது, கதவு திறந்ததும் வெளியே பாய்கிறது, அணு துள்ளுகிறது. ஃபீனோபார்பிட்டாலின் வேலையே காபாவின் கையை வலுப்படுத்துவதுதான். தலைகீழாக இருக்கும் பிரேக்கை இன்னும் அழுத்தி மிதித்தால் என்ன பயன்?

4

இந்தக் கதையில் 1999 ஒரு விசித்திரமான வருடம். மேலே சொன்ன 59 குழந்தைகளின் ஆய்வு அந்த வருடம் வந்தது. அதே வருடம் ஹெல்சிங்கியிலிருந்து கை கைலாவின் குழு, வளரும் மூளையில் குளோரைடை வெளியே தள்ளும் புரதம் எது, அது எப்போது வேலையைத் தொடங்குகிறது என்று காட்டியது. எலி பிறந்த பிறகுதான் அது மெல்ல மெல்லப் பெருகுகிறது. பிரேக் நேராகும் நேரம் அது.

வெளியே தள்ள ஒரு புரதம் என்றால், உள்ளே ஏற்ற இன்னொன்று உண்டு. அதன் பெயர் என்கேசிசி-1. ஒரு சோடியம், ஒரு பொட்டாசியம், இரண்டு குளோரைடு என்று ஒரே நடையில் தூக்கிக்கொண்டு அணுவுக்குள் இறக்கும் சுமைதூக்கி. பிஞ்சு மூளையில் அது ரொம்ப மும்முரமாக வேலை செய்கிறது. அதை நிறுத்தினால் குளோரைடு குறையும், காபா மறுபடி பிரேக் ஆகும், பழைய கார்டினாலும் வேலை செய்யும். கணக்கு அவ்வளவு அழகாக இருந்தது. நிறுத்த மருந்தும் கையிலேயே இருந்தது. புமெட்டனைடு. கால் வீங்கிய இதய நோயாளிகளுக்கு நீர் பிரியக் கொடுக்கிற 'லாசிக்ஸ்' குடும்பத்து மருந்து. சிறுநீரகத்தில் இருக்கும் இந்தப் புரதத்தின் உடன்பிறப்பைத் தடுப்பதால்தான் அந்த மருந்தைப் போட்டால் சிறுநீர் கொட்டுகிறது.

2005-ல் வொலோதிமிர் ஜாலா, கெவின் ஸ்டேலி குழுவினர் பிறந்து சில நாளே ஆன எலிக்குட்டிகளில் இதைச் செய்துகாட்டினார்கள். புமெட்டனைடு வலிப்பைக் குறைத்தது. மனிதக் குழந்தைகளின் மூளைத் திசுவிலும் பிறந்த சமயத்தில் ஏற்றும் புரதம் அதிகம், தள்ளும் புரதம் குறைவு என்று பார்த்தார்கள். எலியும் மனிதனும் ஒத்துப்போனார்கள். 2008-ல் ஃபீனோபார்பிட்டாலோடு சேர்த்துக் கொடுத்தால் இன்னும் நன்றாக வேலை செய்கிறது என்ற முடிவும் வந்தது.

இதுவரை எல்லாம் சரி. ஆனால் 1999-ல் இன்னொரு செய்தியும் வெளியாகியிருந்தது. என்கேசிசி-1 இல்லாத சுண்டெலிகளை உருவாக்கிய எரிக் டெல்பியரின் குழு, அவை எப்படி இருக்கின்றன என்று எழுதியது. அவை தலையை ஆட்டிக்கொண்டு வட்டம் வட்டமாகச் சுற்றின. சமநிலை இல்லை. காது முழுக்கச் செவிடு. அதே ஆண்டு இன்னொரு குழு, கால்விரல் ஒட்டிப் பிறந்து தலையாட்டிச் சுற்றும் ஒரு பழைய சுண்டெலி வகையை ஆராய்ந்து, அதிலும் பழுது இதே மரபணுவில்தான் என்று கண்டது.

மூளைக்காரர்கள் அந்தச் சுமைதூக்கியின் குளோரைடைப் பார்த்தார்கள். காதுக்காரர்கள் அதன் பொட்டாசியத்தைப் பார்த்தார்கள். ஒரே வண்டியில் வந்த இரண்டு மூட்டைகள். அவற்றை இறக்கிய சந்தைகள் மட்டும் வேறு வேறு.

5

காதுக்கு ஏன் இந்தப் புரதம் இவ்வளவு முக்கியம்?

உட்செவியில் நத்தைக்கூடு போலச் சுருண்ட உறுப்பு இருக்கிறது. அதன் நடுக்குழாயில் ஒரு திரவம். உடம்பில் அணுக்களுக்கு வெளியே இருக்கும் திரவங்களில் சோடியம்தான் நிறைய இருக்கும். இதில் மட்டும் பொட்டாசியம் நிறைந்திருக்கிறது. கூடவே சுமார் 80 மில்லிவோல்ட் மின்னழுத்தம். நத்தைக்கூட்டின் சுவரில் ரத்த நாளங்கள் அடர்ந்த ஒரு பட்டை, இரவும் பகலும் பொட்டாசியத்தை அந்தத் திரவத்துக்குள் இறைத்துக்கொண்டே இருக்கிறது. ஒலி வரும்போது மயிரணுக்களின் வாய் திறக்கிறது, தேங்கிக் கிடக்கும் பொட்டாசியம் உள்ளே பாய்கிறது, அந்தப் பாய்ச்சல்தான் நாம் கேட்பதன் முதல் துளி. அணை நிறைந்திருந்தால்தான் மதகு திறந்ததும் தண்ணீர் பாயும். அணைக்கு நீர் இறைக்கும் பட்டையில் வேலை பார்ப்பது நம் என்கேசிசி-1. அது இல்லாத சுண்டெலிகளில் அந்தக் குழாயின் சவ்வே சுருங்கித் தொய்ந்துவிடுகிறது.

இந்த வகை நீர் பிரியும் மருந்துகள் காதை மங்கவைக்கும் என்பது மருத்துவர்களுக்கு 1960-களிலேயே தெரியும். பெரும்பாலும் மருந்து நின்றதும் சரியாகிவிடும். ஆனால் 1970-களில் கினிப்பன்றிகளில் ஒரு மோசமான கூட்டணி வெளிப்பட்டது. கனமைசின், ஜென்டாமைசின் குடும்பத்து ஆன்டிபயாட்டிக்குகளோடு இந்த வகை மருந்து சேர்ந்தால், தனித்தனியாகச் செய்யாத சேதத்தை இரண்டும் சேர்ந்து செய்யும். மயிரணுக்கள் செத்துப்போகும். செத்தால் திரும்ப முளைக்காது. தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் பச்சிளங்குழந்தைக்கு நோய்த்தொற்று பயத்தில் கொடுக்கப்படும் வழக்கமான மருந்துகளில் ஒன்று ஜென்டாமைசின்.

இன்னொரு சிக்கல், மருந்து போகும் பாதை. புமெட்டனைடு ரத்தத்தில் பெரும்பகுதி புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது. மூளைக்குள் மிகக் குறைவாகத்தான் நுழைகிறது, நுழைந்ததையும் மூளையின் காவல்காரர்கள் வெளியே தள்ளுகிறார்கள். போக வேண்டிய இடத்துக்குப் போகத் திணறும் மருந்து, போகக் கூடாத இடத்துக்குச் சுலபமாகப் போகிறது.

6

ஐரோப்பாவின் பல மருத்துவமனைகள் சேர்ந்து, ரோனிட் பிரஸ்லர் தலைமையில், குழந்தைகளிடம் இதைச் சோதித்தன. நீமோ என்பது சோதனையின் பெயர். ஆக்சிஜன் குறைவால் வலிப்பு வந்து, ஃபீனோபார்பிட்டாலுக்கும் அடங்காத குழந்தைகள். பிறந்து இரண்டு நாள்கூட ஆகாதவர்கள். பெற்றவர்கள் கையெழுத்துப் போட வேண்டிய மணி நேரங்களை நீங்களே யோசித்துப் பாருங்கள். முதலில் எந்த அளவு மருந்து போதும் என்று பார்க்க, ஒப்பீட்டுக் குழு இல்லாமல் 14 குழந்தைகளைச் சேர்த்தார்கள்.

2015-ல் முடிவு வந்தது. சோதனை பாதியில் நிறுத்தப்பட்டிருந்தது. வலிப்பு போதுமான அளவு குறைந்ததற்கு உறுதியான சான்று இல்லை. உயிர்பிழைத்த 11 குழந்தைகளில் 3 பேருக்குக் காது கேட்பது குறைந்திருந்தது.

குற்றவாளி யார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆக்சிஜன் குறைந்த குழந்தைக்குக் காது பாதிக்கப்படுவது தனியாகவே நடக்கக்கூடியது. ஜென்டாமைசினும் சந்தேக வளையத்தில் இருக்கிறது. 14 பேரை வைத்து இதைப் பிரித்தறிய வழியில்லை. ஆய்வாளர்கள் கண்ணை மூடிக்கொண்டு இறங்கியவர்களும் அல்ல. காதைச் சோதித்ததால்தான் விஷயமே வெளியே வந்தது, வந்ததும் நிறுத்தினார்கள். அந்த நேர்மையைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

2021-ல் பாஸ்டனில் ஜேனட் சோல் குழு இன்னும் கவனமான ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டது. 43 குழந்தைகள், ஒப்பீட்டுக் குழுவோடு. இந்த முறை மருந்து வலிப்பை ஓரளவு குறைத்தது போலத் தெரிந்தது. மருந்து பெற்று உயிர்பிழைத்த 26 பேரில் 2 பேருக்குக் காதில் குறை இருந்தது. அவ்வளவு சின்ன எண்ணிக்கையை வைத்துக்கொண்டு யாரும் தைரியமாக எதையும் சொல்லவில்லை. கதவு முழுசா மூடவும் இல்லை, திறக்கவும் இல்லை.

7

சரி, எலி பொய் சொன்னதா? இல்லை.

ஒரு சாதாரண விவரத்தைக் கவனியுங்கள். எலிக்குட்டி செவிடாகத்தான் பிறக்கிறது. காதுத் துளையே மூடியிருக்கும். பிறந்து சுமார் 12 நாள் கழித்துத்தான் திறக்கிறது, அப்போதுதான் கேட்கத் தொடங்குகிறது. மனிதக் குழந்தையோ கருவிலேயே கேட்கிறது. நம் வீடுகளில் ஏழாம் மாதம் வளைகாப்பு வைப்பார்கள். வயிற்றுக் குழந்தைக்கு வளையல் சத்தம் கேட்கட்டும் என்று பாட்டிகள் சொல்வதை அறிவியலும் மறுக்கவில்லை. அந்த மாதத்தில் காது ஏற்கெனவே வேலை செய்யத் தொடங்கியிருக்கும்.

பச்சிளங்குழந்தை வலிப்புக்கு ஏழு நாளிலிருந்து பன்னிரண்டு நாள் வரையான எலிக்குட்டிகளைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. அந்த வயதில் எலியின் மூளை, பிறக்கும் சமயத்து மனித மூளைக்கு ஓரளவு நிகர். ஆனால் அதே நாளில் அதன் காது, கருவிலிருக்கும் மனிதக் குழந்தையின் காதுக்குத்தான் நிகர். ஒரே உடம்பில் இரண்டு கடிகாரங்கள். மூளைக் கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்தால், காதுக் கடிகாரம் வேறு மணி காட்டும். இன்னும் கேட்கவே தொடங்காத குட்டியிடம் மருந்தைக் கொடுத்து வலிப்பை மட்டும் அளந்தால், அதன் காது பாழாகிறதா என்று எப்படித் தெரியும்? அது வளரும்வரை காத்திருந்து, தனியாகக் கேட்டால்தான் தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது, இது கொஞ்சம் சங்கடமானது. 2002-ல் ஜெர்மனியில் ஒரு குழு, ஃபீனோபார்பிட்டால் உட்பட வழக்கமான வலிப்பு மருந்துகள் எலிக்குட்டிகளின் மூளையில் நரம்பணுக்களைத் தற்கொலை செய்துகொள்ள வைக்கின்றன என்று காட்டியது. அதுவும் எலி சொன்ன செய்திதான். ஃபீனோபார்பிட்டாலை நாம் நிறுத்தினோமா? இல்லை. வலிப்பை அப்படியே விட்டால் அதுவும் மூளையைத் தின்னும், மாற்று மருந்தும் உருப்படியாக இல்லை. 2020-ல் வந்த ஒப்பீட்டில் லெவெடிராசிட்டாமை ஃபீனோபார்பிட்டால் எளிதில் தோற்கடித்தது: 80 சதவீதம், 28 சதவீதம். ஆக நூறு வயது தாண்டிய மருந்தோடுதான் இன்னும் இருக்கிறோம். அந்த முடிவில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நம் பழக்கத்தைக் கவனியுங்கள். எலி நல்ல செய்தி சொன்னால் 'எலியிலேயே நிரூபணமாகிவிட்டது' என்கிறோம். கெட்ட செய்தி சொன்னால் 'அது எலிதானே' என்கிறோம்.

மையரின் எலி தன் காதைப் பற்றி வலிப்பால் சொன்னது, கேட்டவர்கள் மனதைப் பற்றி என்று எழுதிக்கொண்டார்கள். ஃப்ரிங்ஸ் சுண்டெலி காதின் மரபணுவை நீட்டியது, வாங்கியவர்கள் வலிப்பு மரபணு என்று பெயர் வைத்தார்கள். 1999-ன் செவிட்டுச் சுண்டெலி அந்தப் புரதத்தைத் தொட்டால் காது என்னாகும் என்று முன்கூட்டியே சுற்றிச் சுற்றிக் காட்டியது. எந்த இடத்திலும் விலங்கு தவறான பதில் தரவில்லை. கேட்ட கேள்வி குறுகலாக இருந்தது.

இப்போது பிஞ்சு மூளைக்கான புதிய மருந்துகளைத் தேடுபவர்கள், மூளைக்குள் நன்றாக நுழைந்து காதைத் தொடாமல் விடும் மூலக்கூறுகளைத் தேடுகிறார்கள். நல்லது. ஆனால் அடுத்த முறை ஒரு எலிக்குட்டியில் வலிப்பு நின்றுவிட்டது என்று தலைப்புச் செய்தி வந்தால், ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குட்டி வளர்ந்த பிறகு, அதுக்குக் காது கேட்டதா? நீமோவின் அந்த 3 குழந்தைகள் இப்போது பள்ளிக்கூடம் போகும் வயதில் இருப்பார்கள். வகுப்பறையில் ஆசிரியர் சொல்வது அவர்களுக்கு எவ்வளவு கேட்கிறது என்பதுதான் இந்த வரலாற்றின் மீதிப் பகுதி.